விலை எழுதாத வெள்ளிக் காசுகள்: ஆரம்பகால அமெரிக்க நாணயங்களுக்கு ஓர் அறிமுகம்

1795-ஆம் ஆண்டு அடித்த அமெரிக்க வெள்ளி டாலரை முதன்முதலாகப் பார்ப்பவர், அது எவ்வளவு பெறும் காசு என்று புரட்டிப் புரட்டித் தேடுவார். தலைப்பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம், 'லிபர்ட்டி' என்ற சொல், ஆண்டு, ஓரத்தில் நட்சத்திரங்கள். மறுபக்கத்தில் கழுகு, அதைச் சுற்றி நாட்டின் பெயர். அவ்வளவுதான். 'ஒரு டாலர்' என்று இரண்டு பக்கத்திலும் இருக்காது. காசை நிமிர்த்திப் பிடித்து விளிம்பைச் சுழற்றினால்தான் 'நூறு சென்ட், ஒரு டாலர் அல்லது அலகு' என்று பொருள்படும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். 1796-இல் வந்த கால் டாலரின் விளிம்பில் அதுவும் கிடையாது, வெறும் வரிப்பள்ளங்கள்தான்.

அன்றைக்கு யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. வெள்ளிக் காசுக்கு மதிப்பு வெள்ளியால்தான். கடைக்காரர் அளவையும் எடையையும் வைத்தே சொல்லிவிடுவார். அவர் கைக்கு வரும் காசுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் காசுகளும் அல்ல. மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பானிய அரசு அடித்த எட்டு ரியால் வெள்ளிக் காசுகள்தான் அந்த நாட்டுச் சந்தையை ஓட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்க டாலரின் எடையே புழக்கத்திலிருந்த ஸ்பானியக் காசுகளைப் பார்த்து வகுத்ததுதான். அந்த அந்நியக் காசுகள் 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாயின.

இங்கே 'ஆரம்பகாலம்' என்று நான் சொல்வது 1792-இல் தொடங்கி, நீராவியால் ஓடும் அச்சுப்பொறி வந்த 1836 வரை. அதற்கு முன்பும் அந்த மண்ணில் வெள்ளிக்காசு அடித்திருக்கிறார்கள். பாஸ்டனில் ஜான் ஹல் அடித்த, 1652 என்ற ஆண்டைத் தாங்கிய பைன் மர ஷில்லிங் ரொம்பப் பிரபலம். ஆனால் அது பிரிட்டிஷ் குடியேற்றக் காலத்துக் கதை, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். குடியரசு அடித்த காசுகளில் 1836-ஐ எல்லையாக வைப்பதற்குக் காரணம், அதுவரை ஒவ்வொரு காசிலும் கைவேலை தெரியும் என்பதுதான். அந்தக் கைவேலையைப் படிக்கப் பழகுவதில்தான் இந்தச் சேகரிப்பின் ருசி இருக்கிறது என்பது என் கட்சி.

யார் தலையைப் போடுவது?

1792 ஏப்ரல் 2 அன்று நிறைவேறிய நாணயச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. டாலர், அரை டாலர், கால் டாலர், பத்தில் ஒரு பங்கான டைம், இருபதில் ஒரு பங்கான அரை டைம் என ஐந்து வெள்ளிக் காசுகளை அது வகுத்தது. ஒரு டாலரில் 371.25 கிரெய்ன் சுத்த வெள்ளி இருக்க வேண்டும்; செம்பு சேர்த்து மொத்த எடை 416 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 26.96 கிராம். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 89-க்குச் சற்று மேல் வெள்ளி. கிட்டத்தட்ட எல்லாச் சேகரிப்பாளர்களும் மனப்பாடமாகச் சொல்லும் எண் இது: ஆயிரத்துக்கு 892.4. நாணயச்சாலை அதிகாரி யாராவது வேண்டுமென்றே வெள்ளியைக் குறைத்தால் மரண தண்டனை என்று அதே சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

உருவத்தைப் பற்றித்தான் சுவையான சண்டை நடந்தது. தலைப்பக்கத்தில் அப்போதைய ஜனாதிபதியின் உருவத்தைப் போடலாம் என்று செனட் சபையிலிருந்து வந்த வரைவு சொன்னது. பிரதிநிதிகள் சபை அதை ஏற்கவில்லை. ஆள்பவர் தலையைக் காசில் போடுவது மன்னராட்சி வழக்கம். மன்னரை விரட்டிவிட்டு அவர் பழக்கத்தை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? கடைசியில் 'விடுதலையை உணர்த்தும் உருவம்' ஒரு பக்கம், வெள்ளியிலும் தங்கத்திலும் மறுபக்கம் கழுகு என்று முடிவானது. அந்த முடிவு நெடுங்காலம் நின்றது. அன்றாடப் புழக்கத்துக்கான காசில் ஒரு ஜனாதிபதி வந்து உட்கார 1909-இல் லிங்கன் சென்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் என்ன உருவம் என்று சொல்லவில்லை, 'விடுதலை' என்று மட்டுமே சொன்னது. அதனால் செதுக்கியவர் மனதுக்குப் பட்டதெல்லாம் விடுதலைதான். அடுத்த நாற்பது வருடங்களில் அவள் கூந்தல், உடை, வயது, பார்க்கும் திசை எல்லாம் மாறிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம்.

முதலில் வந்தது 1792-இன் அரை டைம். நாணயச்சாலைக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஹார்ப்பர் என்பவரின் இடத்தில் வைத்து ஜூலை மாதம் அடித்தார்கள். 1,500 காசுகள் வாங்கிக்கொண்டதாக தாமஸ் ஜெஃபர்சன் தம் கணக்கேட்டில் குறித்திருக்கிறார். நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசிய ஜனாதிபதி வாஷிங்டன், அரை டைம்களோடு ஒரு சிறிய தொடக்கம் ஆகியிருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடத்துக்கும் மேல் வெள்ளி வேலை முடங்கிக் கிடந்தது. காரணம் ஜாமீன் தொகை. தலைமை நாணய அடிப்பாளரும் உலோகத் தரம் பார்ப்பவரும் ஆளுக்கு 10,000 டாலர் பிணையம் தர வேண்டும் என்றது சட்டம். அவர்களுடைய சம்பளத்துக்கு அது எட்டாத தொகை. 1794 மார்ச்சில் காங்கிரஸ் அந்தத் தொகையை 5,000, 1,000 என்று குறைத்த பிறகுதான் வெள்ளியைத் தொட முடிந்தது. அந்த இடைவெளியில் அவர்கள் செம்புக் காசு மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூந்தலில் தொடங்கிய வரிசை

1794 அக்டோபர் 15 அன்று 1,758 டாலர்கள் நாணயச்சாலையிலிருந்து வெளியே வந்தன. அந்த ஆண்டு டாலர் அவ்வளவுதான். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்காட், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். காற்றில் பறப்பதுபோல் பின்னால் சிதறும் கூந்தல், அலங்காரம் இல்லாத முகம். சேகரிப்பாளர்கள் இதை 'ஃப்ளோயிங் ஹேர்' என்பார்கள். அன்றைய விமர்சகர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கென்னவோ இந்தச் சீவாத தலையில் ஒரு துணிச்சல் தெரிகிறது.

இந்த டாலரை உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் இடது ஓரத்து நட்சத்திரங்கள் மங்கலாக இருக்கும். மறுபக்கத்தில் அதற்கு நேரே வரும் எழுத்துகளும் அப்படித்தான். அது தேய்மானம் அல்ல. அப்போது அவர்களிடம் இருந்த அச்சுப்பொறி சிறிய காசுகளுக்கானது, 39 மில்லிமீட்டர் அகல டாலரை அழுத்தும் பலம் அதற்கு இல்லை. அச்சுகளும் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பெரிய பொறி 1795-இல்தான் வந்தது. ஒரு மங்கல் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இந்தத் துறையில் முதல் பாடம். 1794 டாலரில் இன்று ஏறக்குறைய 130 முதல் 150 வரை மிஞ்சியிருக்கலாம் என்பது நிபுணர்களின் கணிப்பு. அவற்றில் மிகச் சிறந்தது 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கும் மேலே ஏலம் போனது. நமக்கு அது வேடிக்கை பார்ப்பதற்கு.

1795-இன் பிற்பகுதியில் முகம் மாறியது. முடியை ரிப்பனால் கட்டி, தோளில் துணி மடிப்பு போர்த்திய, கொஞ்சம் வயது கூடிய பெண். பெயர் 'டிரேப்ட் பஸ்ட்'. ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்து கொடுத்தார், ஆன் பிங்காம் என்ற ஃபிலடெல்ஃபியாப் பெண்மணிதான் மாடல் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஸ்டூவர்ட் மட்டும் உண்மையாக இருக்கலாம் என்று கொஞ்சம் நம்புகிறவர்கள் உண்டு. 1796-இல் டைமும் கால் டாலரும் முதன்முதலாக வந்தபோது இந்த முகத்தோடுதான் வந்தன.

மறுபக்கத்துக் கழுகு முதலில் மெலிந்து, மேகத்தின் மேல் நிற்கும் சின்னக் கழுகு. 1798 முதல் அது படிப்படியாக, மார்பில் கேடயம் வைத்துச் சிறகு விரித்த பெரிய கழுகாக மாறியது. நாட்டின் அரச முத்திரையைப் பார்த்துச் செய்தது. ஆனால் ஸ்காட் கால்களை மாற்றிவிட்டார். முத்திரையில் கழுகின் வலது காலில் ஆலிவ் கிளை, இடது காலில் அம்புகள். காசில் வலது காலில் அம்புகள்! முத்திரை வழக்கில் வலப்பக்கத்துக்குத்தான் மதிப்பு என்பதால், சமாதானத்துக்கு முன்னால் போர் என்று ஆகிவிடுகிறது. தவறுதானா, வேண்டுமென்றா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

நட்சத்திரக் கணக்கும் பார்க்க வேண்டியது. 1794-இல் பதினைந்து மாநிலங்கள், பதினைந்து நட்சத்திரங்கள். 1796 ஜூனில் டென்னசி சேர்ந்ததும் பதினாறு. இப்படியே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டு போனால் முகத்துக்கு இடம் இருக்காது என்று உறைத்திருக்க வேண்டும். ஆரம்பத்துப் பதின்மூன்றுக்கே திரும்பினார்கள். 1797-இன் அரை டைமில் இந்தத் தடுமாற்றம் அப்படியே பதிவாகியிருக்கிறது: அதே ஆண்டுக் காசில் 15, 16, 13 என மூன்று விதமும் உண்டு. பதினாறரை மில்லிமீட்டர் அகலமே உள்ள காசு அது. கண்ணாடி வைத்து எண்ண வேண்டும்.

பிறகு ஜான் ரைக் வந்தார். ஜெர்மனியின் ஃபூர்த் நகரத்துக்காரர். 1807-இல் ஆண்டுக்கு 600 டாலர் சம்பளத்தில் உதவிச் செதுக்குநராகச் சேர்ந்தார். அவர் செய்த விடுதலை இடப்பக்கம் பார்ப்பவள், துணித்தொப்பி அணிந்தவள், தொப்பிப் பட்டையில்தான் 'லிபர்ட்டி' என்ற சொல். இதற்குப் பெயர் 'கேப்ட் பஸ்ட்'. கழுகும் புதிது. ஆலிவ் கிளை அதற்குரிய காலுக்கு வந்தது. தலைக்கு மேல் லத்தீன் வாசகம் எழுதிய நாடா. கீழே '50 சி.' என்று மதிப்பு. முதலில் அரை டாலர், பிறகு 1809-இல் டைம், 1815-இல் கால் டாலர், 1829-இல் அரை டைம் என்று இந்த முகம் பரவியது.

ரைக் 1817-இல் வேலையை விட்டார். அவர் காலத்து அச்சுகள் பலவற்றில், ஆண்டுக்கு அருகே கடைசியாக வரும் பதின்மூன்றாவது நட்சத்திரத்தின் ஒரு முனையில் சின்ன வெட்டு தெரியும். கையெழுத்துப் போட அனுமதி இல்லாத மனிதர் வைத்த ரகசிய முத்திரை அது என்று பல சேகரிப்பாளர்கள் நம்புகிறார்கள். நிரூபணம் கிடையாது. ஆனாலும் 1807 முதல் 1817 வரையிலான ஒரு அரை டாலர் கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் அந்த நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார்கள்.

டாலர் ஏன் நின்றது?

புத்தம் புதிய அமெரிக்க டாலருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் நல்ல மரியாதை. அங்கே ஒரு அமெரிக்க டாலரைக் கொடுத்தால் ஒரு ஸ்பானிய டாலர் கிடைக்கும். ஸ்பானியக் காசில் வெள்ளி ஒரு துளி கூடுதல். அதைத் திரும்பக் கொண்டுவந்து நாணயச்சாலையில் கொடுத்தால், கூலி வாங்காமல் எடைக்கு எடை புதுக் காசாக அடித்துத் தருவார்கள்; அப்படித்தான் சட்டம். ஆக, ஒவ்வொரு சுற்றிலும் வியாபாரிக்குக் கொஞ்சம் லாபம், நாணயச்சாலைக்கு வீண் உழைப்பு, நாட்டுக்குள் டாலரே தங்காது. சீன வணிகத்துக்கும் நிறைய வெள்ளி கப்பலேறியது. 1804-இல் டாலர் அடிப்பது நின்றது. 1806-இல் அரசு முறைப்படி நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது. மறுபடியும் புழக்கத்துக்கு ஒரு வெள்ளி டாலர் வர முப்பது வருடங்கள் ஆயின.

இங்கே ஒரு கிளைக்கதை. நாணயச்சாலைக் கணக்கில் 1804-ஆம் ஆண்டு 19,570 டாலர்கள் அடித்ததாக இருக்கிறது. அவற்றில் பொறித்திருந்தது 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டுதான். பழைய அச்சு நன்றாக இருந்தால் அதை வைத்தே அடிப்பது அந்தக் கால வழக்கம். முப்பது வருடம் கழித்து, 1834-இல், கீழை நாட்டு மன்னர்களுக்குப் பரிசளிக்க ஒவ்வொரு காசிலும் ஒன்று கொண்ட பெட்டிகளைத் தயாரிக்கச் சொன்னார்கள். கணக்கேட்டைப் பார்த்த அதிகாரிகள் கடைசி டாலர் 1804 என்று நினைத்து, அந்த ஆண்டைப் பொறித்துப் புதிதாக அடித்துவிட்டார்கள். எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னாளில் நாணயச்சாலைக்குள்ளேயே சிலர் திருட்டுத்தனமாகவும் சில அடித்தார்கள். மொத்தம் இன்று தெரிந்தவை இருபதுக்கும் குறைவு. 1804 என்று போட்ட ஒரு டாலர்கூட 1804-இல் அடித்ததல்ல. அதையே சேகரிப்பாளர்கள் 'அமெரிக்க நாணயங்களின் ராஜா' என்கிறார்கள், கோடிக்கணக்கில் விலை. யாராவது உங்களிடம் 1804 டாலர் விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டாலர் போனதும் அந்த இடத்துக்கு அரை டாலர் வந்தது. வங்கிகள் தங்கள் கையிருப்பாக அதைத்தான் பையில் கட்டி வைத்தன. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குக் கடன் தீர்த்தால் பை இடம் மாறும், காசு வெளியே வராது. 1834-இலும் 1836-இலும் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். அதனால்தான் இருநூறு வருடம் ஆகியும் நல்ல நிலையில் ஏராளமான அரை டாலர்கள் மிஞ்சியிருக்கின்றன, சாமானியர் வாங்கும் விலையில். புதிதாகத் தொடங்குபவர் கேப்ட் பஸ்ட் அரை டாலரில் கை வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதிகம் கிடைக்கும் ஆண்டுகளில் தேய்ந்தும் தேயாமலும் உள்ள ஒரு காசு சில நூறு டாலர்களுக்குள் வரும். டிரேப்ட் பஸ்ட் டாலர் நன்றாகத் தேய்ந்திருந்தாலும் ஆயிரத்தைத் தாண்டும். 1796 கால் டாலரில் அடித்ததே ஏறக்குறைய 6,100தான். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.

கைவேலையைப் படிப்பது

காசு எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும். வெள்ளியை உருக்கிப் பாளமாக வார்த்து, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவார்கள். அந்த உருளைகளைக் குதிரைகள் இழுத்தன. தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு வில்லையையும் தராசில் வைக்க வேண்டும். எடை குறைந்தால் மறுபடி உருக்கப் போகும். கூடினால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். இந்த வேலைக்கு 1795-இல் சேரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரண்டு பெண்கள் நாளுக்கு 50 சென்ட் கூலியில் சேர்ந்தார்கள். அந்த அரத்தின் தடம் பல காசுகளில் இன்னும் இருக்கிறது, முகத்தின் குறுக்கேயோ ஓரத்திலோ, ஒன்றுக்கொன்று இணையான மெல்லிய கோடுகளாக. புதியவர்கள் அதைக் கீறல் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். பின்னால் விழுந்த கீறல் கூந்தலின் மேட்டையும் வெட்டிக்கொண்டு போகும். ராவிய கோடோ அச்சடிக்கும் முன்பே விழுந்தது. அழுத்தம் நன்றாக விழுந்த இடத்தில் நசுங்கி மறைந்து, அழுத்தம் குறைந்த இடத்தில் மட்டும் தெரியும்.

1794, 1795 டாலர்கள் சிலவற்றின் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். எடை குறைந்த வில்லையை உருக்க மனமில்லாமல், நடுவில் துளையிட்டு வெள்ளிக் குச்சியைச் செருகி எடையைச் சரிசெய்திருக்கிறார்கள்.

அடுத்தது விளிம்பு. டாலர், அரை டாலர் வில்லைகளை, எழுத்துப் பொறித்த இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு இடையே வைத்து உருட்டுவார்கள். உருண்டுகொண்டே போகும்போது ஓரத்தில் எழுத்து பதியும். வில்லை நழுவினால் ஒரே எழுத்தின் மேல் இன்னொன்று ஏறும், ஒரு சொல் இரண்டு முறை வரும், அல்லது காணாமல் போகும். இது அச்சடிப்பதற்கு முந்தைய வேலை. அதனால் விளிம்பு எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதற்கும் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

இனி அச்சுக்கு வருவோம். முகத்துக்கும் கழுகுக்கும் மட்டும் ஒரு முழு உருவ முத்திரை இருக்கும். அதை எஃகில் அடித்து இறக்குவார்கள். நட்சத்திரங்கள், எழுத்துகள், ஆண்டின் இலக்கங்கள் எல்லாம் தனித்தனி உளி முத்திரைகள். ஒவ்வொன்றாகக் கண்ணளவில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். கொழுக்கட்டை அச்சு ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வரும். இந்த அச்சோ சில பல ஆயிரம் காசுகளில் வெடித்துப் போகும், உடனே இன்னொன்று செய்தாக வேண்டும். புதிதாகச் செய்ததில் நட்சத்திரம் ஒரு மயிரிழை தள்ளிப் போயிருக்கும், '8' கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆக, ஒரே ஆண்டின் அரை டாலரில் பத்து, பதினைந்து, இருபது ரகங்கள். கேப்ட் பஸ்ட் அரை டாலரில் மட்டும் மொத்தம் ஏறக்குறைய 450 ரகங்களைப் பிரித்திருக்கிறார்கள். ஆல் ஓவர்டன் என்பவர் கொடுத்த எண்களால் அவை வழங்குகின்றன. '1827, ஓவர்டன் 104' என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு குறிப்பிட்ட அச்சுகளின் ஜோடி என்று பொருள். டாலர், டைம், கால் டாலர் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனி எண்வரிசை உண்டு. இந்தப் பைத்தியம் முற்றியவர்களுக்கென்று 1967-இல் அமெரிக்காவில் 'பஸ்ட் ஹாஃப் நட் கிளப்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். தங்களைத் தாங்களே கிறுக்கர்கள் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சமில்லை.

எஃகு விலை உயர்ந்த பொருள். அதனால் பழைய அச்சைத் தூக்கி எறியாமல் ஆண்டை மாற்றி அடித்தார்கள். 1817 என்ற காசில் 7-க்கு அடியில் 3 எட்டிப் பார்க்கும். அதே 1817-இல் 4-க்கு மேல் 7 அடித்ததும் உண்டு; அது உலகத்தில் பத்துப் பன்னிரண்டுதான். 1807-இல் ஒரு அச்சில் '50' போடுவதற்குப் பதில் '20' என்று அடித்துவிட்டு, அதன் மேலேயே 5-ஐ ஏற்றியிருக்கிறார்கள். அதே ஆண்டின் இன்னொரு அச்சில் தாடைப் பக்கம் விரிசல் விழுந்து, விடுதலைக்குத் தாடி முளைத்ததுபோல் இருக்கும். 'தாடி வைத்த தேவி' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. விரிசல் அச்சில் பள்ளமாக இருப்பதால் காசில் மேடான கோடாக வரும். அடிக்க அடிக்க அது நீளும். ஒரே அச்சின் நான்கைந்து காசுகளை வரிசையாக வைத்தால், விரிசல் இல்லாததிலிருந்து அச்சு உடையும் தறுவாய் வரை அதன் ஆயுளையே பார்க்கலாம். கள்ள நாணயக்காரன் செய்ய மாட்டாத நேர்த்தி இது.

1815-ஆம் ஆண்டு அரை டாலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடித்தது 47,150 மட்டுமே. எல்லாமே 1812 அச்சைத் திருத்தி, 2-க்கு மேல் 5 போட்டவை. அவை வெளியே போன அதே 1816 ஜனவரியில், 11-ஆம் தேதி நாணயச்சாலையின் தகடு உருட்டும் கட்டடம் தீப்பிடித்தது. தகடு இல்லாமல் காசு ஏது? 1816 என்று ஆண்டு போட்ட வெள்ளிக் காசே கிடையாது. ஆண்டுக்கு ஒன்று என்று அரை டாலர் வரிசை சேர்ப்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இந்த 1815. நல்ல காசு சில ஆயிரம் டாலர்கள் கேட்கும்.

வாங்கும்போது

தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் செம்பு சென்ட்களுக்காக வகுத்த முறை. பிறகு எல்லாக் காசுக்கும் வந்துவிட்டது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. தொடங்குபவருக்கு 20 முதல் 45 வரையிலான காசுகளே போதும். 'லிபர்ட்டி' முழுதாகத் தெரியும், கழுகின் இறகில் பாதிக்கு மேல் இருக்கும், விலையும் தலைசுற்ற வைக்காது.

எண்ணைவிட முக்கியம், காசின் தோல். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெல்லக் கறுக்கும்: முதலில் பொன்னிறம், பிறகு நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல். இருநூறு வருடக் காசு அப்படித்தான் இருக்க வேண்டும். பளபளவென்று வெள்ளையாக இருந்தால் யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் விபூதியோ பற்பொடியோ போட்டுத் தேய்க்கத் தோன்றும். தோன்றினால் காசைப் பூட்டிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒரு நிமிடத் தேய்ப்பில் விலையில் பாதி போய்விடும், திரும்ப வராது. பழைய காலத்தில் அறியாமல் நிறையக் காசுகளைக் கழுவியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஓடும் மயிரிழைக் கீறல்கள் காட்டிக்கொடுக்கும்.

போலிகளைப் பற்றி. அரை டாலரின் எடை 13.48 கிராம், அகலம் ஏறக்குறைய 32.5 மில்லிமீட்டர். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்தால் எடை கொஞ்சம் குறையும், கூடாது. காந்தத்தில் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். விளிம்பின் படம் தராத விற்பனையாளரிடம் விளிம்பைக் கேளுங்கள். அச்சில் வார்த்தெடுத்த போலிகளில் அங்கேதான் எழுத்து மழுங்கும், ஒட்டுக் கோடு தெரியும். இன்னொரு நல்ல சோதனை ரகப் பொருத்தம். அச்சு ஜோடிகள் எல்லாம் பட்டியலாகிவிட்டதால், உங்கள் காசின் நட்சத்திரங்களும் இலக்கங்களும் எந்த ரகத்தோடும் ஒத்துப் போகவில்லை என்றால், புதிய ரகம் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படாதீர்கள். போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற இரண்டு தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வரும் காசுகளை வாங்குவது நல்லது. பெட்டியின் எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பெட்டியையே போலி செய்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1820-களிலும் 30-களிலும் அந்தக் காலத்துக் கள்ளர்களே செய்த போலி அரை டாலர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன் சில்வர் என்ற, வெள்ளியே இல்லாத கலவையில் அடித்தவை பல. அவற்றில் சில, சாதாரண அசல் காசைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன.

வைத்துக்கொள்ள விலை மலிவான மெல்லிய பிளாஸ்டிக் ஆல்பங்களைத் தவிருங்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் சில வருடத்தில் பச்சைப் பிசினைக் கசியவிட்டு வெள்ளியை அரிக்கும். காசை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, மாதம் ஒரு தடவை மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வழி. வடிவத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பது இன்னொன்று. ஆனால் 1796, 1797 என்ற இரண்டே ஆண்டுகளில் வந்த சின்னக் கழுகு அரை டாலர் மொத்தம் 3,918தான், அங்கே பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஏதாவது ஒரே ஆண்டை, 1827-ஐயோ 1830-ஐயோ எடுத்துக்கொண்டு, அதன் ரகங்களை மட்டும் தேடுவது. செலவு குறைவு. விற்பவர் ரகம் பார்க்காமல் சாதாரண விலை போட்டிருந்தால், அரிதான ஒன்று உங்கள் கண்ணில் மட்டும் படவும் வாய்ப்புண்டு.

1836 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் நீராவி அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது. காசைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்குள் வைத்து ஒரே அழுத்தில் இரு பக்கமும் விளிம்பும் சேர்ந்து அடிக்கும் முறை டைமுக்கு 1828-இலேயே, கால் டாலருக்கு 1831-இல் வந்துவிட்டிருந்தது. 1836 நவம்பரில் அரை டாலருக்கும் வந்தது. எழுத்து விளிம்பு போய் வரிப்பள்ளம் வந்தது, லத்தீன் நாடா போனது, '50 சென்ட்' என்று மதிப்பை விரித்து எழுதினார்கள். புதிய முறையில் அந்த வருடம் அடித்தவை ஏறக்குறைய 1,200. அதே வருடம் அடித்த 65 லட்சம் பழைய எழுத்து விளிம்புக் காசுகளுக்கு நடுவே 1836 என்ற ஆண்டுடன் ஒரு வரிவிளிம்பு அரை டாலர் கிடைத்தால், முதலில் ஆண்டைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள்.